சி.பி.யூ.வை அலமாரிக்குள்ள பூட்டாதீங்க

இண்டீரியர் வேலை பண்றவங்க மேல எனக்கு எந்தக் கோவமும் கிடையாது. கஷ்டமான வேலை, அழகாவே பண்றாங்க. ஆனா கம்ப்யூட்டர் டேபிள் செய்யும்போது சி.பி.யூ.வுக்குன்னு ஒரு அறை அடிச்சு அதுக்குக் கதவு வேற போடறாங்க பாருங்க, அதை மட்டும் என்னால பொறுத்துக்கவே முடியல.

மேடவாக்கத்துல என் சித்தி பொண்ணு வீடு. புது ஃபிளாட். வீட்லருந்தே ஆட்டோகேட்ல பிளான் போட்டுக் குடுக்கிற வேலை பண்றா. கிச்சன், வார்ட்ரோபோட சேர்த்து ஒரு ஸ்டடி டேபிளும் மாடுலர்ல பண்ணிக் குடுத்திருக்காங்க. டேபிளுக்குக் கீழ வலது பக்கம் ஒரு அறை. ரெண்டு பக்கமும் பலகை, பின்னாடி பலகை, முன்னாடி கதவு, கதவுக்குக் காந்தம். வயர் வர்றதுக்கு மட்டும் ரெண்டு விரக்கடை அகலத்துல ஒரு ஓட்டை.

போன வாரம் போன் பண்ணா.

"அண்ணா, மத்தியானம் ஆனா சிஸ்டம் தானா ஆஃப் ஆயிடுதுண்ணா. காபி குடிச்சிட்டு வந்து போட்டா ஓடுது. எஸ்.எம்.பி.எஸ். போச்சுன்னு சொல்லி ஒருத்தர் மாத்திக் குடுத்தாரு. இப்ப மறுபடியும் அதே மாதிரி ஆகுது."

"என்ன காரணம்னு சொன்னாரு?"

"ஏரியாவுல வோல்டேஜ் சரியில்லையாம். ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்றாரு."

நேர்ல போய் அந்தக் கதவைத் தொறந்தேன். உள்ளருந்து வந்த அனல் முகத்துல அடிச்சுது. இட்லிப் பானை மூடியைத் தொறந்த மாதிரி. உள்ள ஓடிட்டிருந்த எஸ்.எம்.பி.எஸ். புதுசு, பில் கூட அவ பத்திரமா வச்சிருந்தா. அதோட மேல்தகட்டுல கை வச்சு ரெண்டு நொடி தாங்க முடியல.

வோல்டேஜாம்!

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம்னு நம்ம பக்கத்துல எந்த வீட்ல கம்ப்யூட்டர் செத்தாலும் மொத குத்தவாளி வோல்டேஜ் தான். ஈ.பி.காரங்க மேல பழி போட்டுட்டா விஷயம் முடிஞ்சுது. சூட்டைப் பத்தி ஒருத்தரும் பேசறதில்ல. அதனால நான் பேசறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

மொதல்ல, எஸ்.எம்.பி.எஸ். என்ன தான் பண்ணுது?

சி.பி.யூ. பெட்டிக்குப் பின்னாடி பவர் கேபிள் சொருகறீங்க இல்லையா, அங்க இருக்கிற தகர டப்பா தான் அது. சுவத்துலருந்து வர்ற 230 வோல்ட் ஏ.சி.யை வாங்கி 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் டி.சி.யா மாத்தி உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுக்கும்.

ஆனா நேரா கீழ இறக்காது. மொதல்ல அந்த ஏ.சி.யை அப்படியே டி.சி. ஆக்கும். அப்போ வோல்டேஜ் 325 பக்கம் ஏறிடும் (230ஐ 1.414ஆல பெருக்கிப் பாருங்க). புது மாடல்கள்ல 380க்கும் மேல போகும். அப்புறம் அதை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை டக்கு டக்குன்னு ஆன் பண்ணி ஆஃப் பண்ணும். இவ்வளவு வேகமா சுவிட்ச் பண்றதால உள்ள இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், டிரான்ஸ்ஃபார்மர்னா என்ன கனம் கனக்கும்னு. அந்தக் கனத்தை ஒழிச்சது இந்த சுவிட்ச் வித்தை தான்.

இந்த வேலையில ஒவ்வொரு படியிலயும் கொஞ்சம் கரண்ட் வீணாகும். வீணாகறது எங்க போகும்? எல்லாம் சூடா மாறும்.

கணக்கு போட்டுக் காட்டறேன், ரொம்ப எளிசு தான்.

உங்க கம்ப்யூட்டருக்கு 200 வாட் தேவைன்னு வச்சுக்குங்க. எஸ்.எம்.பி.எஸ்.ஸோட திறன் 100க்கு 70. அப்போ சுவத்துலருந்து 286 வாட் இழுக்கும். மிச்சம் 86 வாட் அந்தச் சின்ன டப்பாக்குள்ளயே சூடா நிக்கும். அதே இடத்துல திறன் 100க்கு 90 இருக்கிற நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டா? 222 வாட் தான் இழுக்கும், சூடு வெறும் 22 வாட்.

86க்கும் 22க்கும் எவ்வளவு தூரம் பாருங்க! ரெண்டும் கடையில ஒரே சைஸ் டப்பா, ஒரே மாதிரி ஸ்க்ரூ.

(இன்னொரு லாபமும் இருக்கு. அந்த 64 வாட் வித்தியாசம், தினம் 8 மணி நேரம் ஓடினா, நம்ம ரெண்டு மாச பில்லுல ஏறக்குறைய 30 யூனிட். அந்த ரூம்ல ஏ.சி. ஓடுச்சுன்னா, அந்தச் சூட்டை வெளிய தள்ளறதுக்கு அதுக்கும் தனியா கரண்ட் வேணும்.)

சரி, சூடானா தான் என்ன? ஆன்ல இருந்தா எல்லாமே சூடாகத் தானே செய்யும்னு கேப்பீங்க.

எஸ்.எம்.பி.எஸ். உள்ள கெபாசிட்டர்னு உருளை உருளையா இருக்கும். அதுக்குள்ள ஒரு திரவம். சூட்டுல அந்தத் திரவம் மெல்ல மெல்லக் காஞ்சு போகும். காஞ்சா கெபாசிட்டர் செத்துப் போகும், மேல்பக்கம் உப்பிக்கிட்டு நிக்கும். சர்வீஸ் சென்டர்ல "கெபாசிட்டர் உப்பிடுச்சு சார்"னு சொல்றாங்களே, அது இதைத் தான்.

எலெக்ட்ரானிக்ஸ்காரங்க எல்லாருமே வச்சிருக்கிற ஒரு தோராயக் கணக்கு இருக்கு. 10 டிகிரி சூடு குறைஞ்சா கெபாசிட்டரோட ஆயுசு ரெண்டு மடங்கு ஆகும். 10 டிகிரி ஏறினா பாதியாகும். 105 டிகிரியில 2000 மணி நேரம்னு போட்டிருக்கிற கெபாசிட்டர், 95ல 4000, 85ல 8000, 75ல 16000, 65ல 32000 மணி நேரம். தினம் 8 மணி நேரம் ஓடற கம்ப்யூட்டருக்கு 8000 மணி நேரம்னா மூணு வருஷத்துக்கும் குறைவு. 32000னா பத்து வருஷத்தைத் தாண்டிடும். மலிவு எஸ்.எம்.பி.எஸ்.ல 85 டிகிரி கெபாசிட்டரையே போட்டு வச்சிருப்பாங்க. அதுக்கு ஆரம்பத்துலயே ஆயுசு கம்மி.

அதனால 10 டிகிரி, 15 டிகிரி தானேன்னு விடாதீங்க. அவ்வளவு தான் மொத்த விஷயமே.

சித்தி பொண்ணு வீட்டுக்கு வருவோம்.

ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் கையோட எடுத்துட்டுப் போயிருந்தேன். ரூம்ல 33 டிகிரி. அந்த அறைக்குள்ள வச்சுக் கதவைச் சாத்தினேன். அவ பாட்டுக்கு வேலை பார்த்தா. கொஞ்ச நேரம் கழிச்சு 48.

கதவைத் தொறந்தே வச்சுப் பார்த்தோம். 43க்கு வந்துச்சு. அதுக்கு மேல இறங்கல. காரணம் சுலபம். எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் சூட்டுக் காத்தைப் பின்னாடி தள்ளுது, பின்னாடி பலகை. அந்தக் காத்து பலகையில முட்டித் திரும்பி வந்து மறுபடி உள்ளயே போகுது. எஸ்.எம்.பி.எஸ். தான் விட்ட சூட்டையே தானே இழுத்துக்குது.

மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னாரு. கதவுல ரெண்டு சின்ன ஃபேன் மாட்டலாம்னு. பழைய கேபினட் ஃபேன் கிடந்துச்சு, டேப் போட்டு ஒட்டிப் பார்த்தோம். கொஞ்சம் இறங்குச்சு, ஆனா பலகையில சத்தம் அதிர்ந்து காது வலிச்சுது. அவளுக்கு நாள் பூரா கிளையன்ட் கால். அது சரிப்படல.

கடைசியில பின்பலகையில நல்லாப் பெரிய சதுரமா வெட்டி எடுத்தோம். சூடு 38க்கு வந்துருச்சு. அப்புறம் அவளே, "எதுக்குண்ணா இந்த அறை, வெளியவே வச்சிடலாம்"னுட்டா. ஒரு மணைப்பலகை மேல, சுவத்துலருந்து ஒரு சாண் தள்ளி வச்சோம். பெட்டிக்குப் பின்னாடி 35. அதுக்கப்புறம் மத்தியானம் ஆஃப் ஆகறது நின்னு போச்சு. அந்த அறையில இப்போ பையனோட ஸ்கூல் நோட்டு அடுக்கிருக்கு. நோட்டுக்குக் கதவு போட்டா ஒண்ணும் ஆகாது.

48லருந்து 35. 13 டிகிரி. மேல சொன்ன கணக்குப்படி ஆயுசு ரெண்டு மடங்குக்கும் மேல. ஸ்டெபிலைசரும் வாங்கல, எதுவும் வாங்கல.

அழகுக்காகக் காத்தை அடைக்கிறது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிற விஷயம் இல்ல. உலகத்துலயே பெரிய கம்பெனிகள்ல ஒண்ணான ஆப்பிளும் இதைப் பண்ணிருக்கு. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு ஃபேன் சத்தம்னாலே பிடிக்காது. 1977ல ஆப்பிள் 2 கம்ப்யூட்டர் வந்தப்போ ஃபேன் இல்லாம ஓடணும்னு நின்னாரு. ராட் ஹோல்ட்னு ஒரு எஞ்சினியர், கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலா சூடு கம்மியா வர்ற சுவிட்சிங் பவர் சப்ளை பண்ணிக் குடுத்தாரு. ஜாப்ஸ் கேட்டது நடந்துச்சு, ஏன்னா சூட்டை உண்டாகற இடத்துலயே குறைச்சாங்க. அது சரியான வழி.

அடுத்து 1980ல ஆப்பிள் 3. அதுலயும் ஃபேன் கூடாது, காத்துத் துவாரமும் கூடாதுன்னு பண்ணாங்க. அலுமினிய அடிப்பாகம் சூட்டை வாங்கிக்கும்னு கணக்கு. அது போதல. உள்ள சூடேறி சிப்புங்க சாக்கெட்லருந்து மேல எழும்பிருச்சு. அப்போ வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? கம்ப்யூட்டரை ரெண்டு மூணு அங்குலம் தூக்கி டேபிள் மேல போடுங்க, சிப் மறுபடி உக்காந்துக்கும்! அந்த மாடல் பேர் கெட்டது கெட்டது தான், அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல.

அங்க குளுகுளு கலிஃபோர்னியா. இங்க நம்ம சென்னை. 2003 மே கடைசியில 45 டிகிரி பார்த்த ஊரு.

வோல்டேஜுக்கும் நியாயம் பேசணும் இல்லையா. அதுக்கும் வர்றேன்.

உங்க எஸ்.எம்.பி.எஸ். லேபிள்ல 100–240 வோல்ட்னு போட்டிருந்தா, 180க்கு இறங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும். ஸ்டெபிலைசர் தேவையே இல்ல. ஆனா வோல்டேஜ் குறைஞ்சா அது கரண்டை அதிகமா இழுத்துச் சரிக்கட்டும். 250 வாட் இழுக்கிற பெட்டி 230 வோல்ட்ல 1.1 ஆம்பியர் எடுத்தா, 180 வோல்ட்ல 1.4 ஆம்பியர் எடுக்கும். காயில், வயர் இதுலல்லாம் உண்டாகற சூடு கரண்டோட வர்க்கத்துல ஏறும். ஒன்றரை மடங்குக்கு மேல!

நம்ம தெருவுல வோல்டேஜ் எப்போ இறங்குது? மே மாசம், எல்லா வீட்லயும் ஏ.சி. ஓடும்போது. அதாவது ரூமும் சூடா இருக்கு, எஸ்.எம்.பி.எஸ்.ஸும் உள்ள கூடுதலா சூடாகுது. ரெண்டும் ஒண்ணா வருது. அந்த நேரத்துல போய் அது செத்தா நாம வோல்டேஜைத் திட்டறோம். லோ வோல்டேஜும் கடைசியில சூடு வழியா தான் அடிக்குது.

இன்னொண்ணு, கரண்ட் போய்ட்டு வர்றது. 2012ல சென்னைக்கே தினம் 2 மணி நேரம்னு அட்டவணை போட்டுக் கட் பண்ணாங்க, ஞாபகம் இருக்கும். 2016 டிசம்பர் வர்தா புயலுக்கு அப்புறம் நம்ம பக்கம் நாள்கணக்கா இருட்டு. அந்த மாதிரி சமயத்துல கரண்ட் வரும், ஒரு நொடியில போகும், மறுபடி வரும். அது தான் ஆபத்து. ஆன் ஆகற நொடியில உள்ள இருக்கிற பெரிய கெபாசிட்டர் ஒரே மூச்சுல கரண்டை இழுக்கும். அதைத் தடுக்க தெர்மிஸ்டர்னு ஒரு பாகம் நிக்குது. அது ஆறியிருந்தா தான் தடுக்கும். ஏற்கெனவே ஓடிச் சூடா இருக்கும்போது கரண்ட் போய் உடனே வந்தா, தடுக்க ஆளில்ல. ஃபியூஸ் போகும், டையோடு போகும்.

அதனால கரண்ட் போனதும் சுவிட்சை அணைச்சிடுங்க. வந்தப்புறம் ரெண்டு மூணு நிமிஷம் பொறுத்துப் போடுங்க. காசு செலவில்லாத வழி.

(பழைய எஸ்.எம்.பி.எஸ். வச்சிருக்கிறவங்க பின்னாடி ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. 115, 230னு எழுதியிருக்கும். குழந்தைங்க கை பட்டு 115 பக்கம் போய், அப்படியே ஆன் பண்ணிட்டா டப்புன்னு ஒரே வெடி. அது மேல ஒரு டேப் ஒட்டி வச்சிடுங்க.)

கரண்டை ஒரு வகையிலருந்து இன்னொரு வகைக்கு மாத்தற எந்த மெஷினா இருந்தாலும் அதுக்குச் சூட்டை வெளிய விட ஒரு வழி வேணும். நம்ம தெருமுனையில ஈ.பி. டிரான்ஸ்ஃபார்மர் நிக்குதே, அதோட ரெண்டு பக்கமும் தகடு தகடா, குழாய் குழாயா இருக்கே, அது உள்ள இருக்கிற எண்ணெய் சுத்தி வந்து ஆறுறதுக்கு. தாம்பரம் ஸ்டேஷன்ல எக்ஸ்பிரஸ் ரயில் வந்து நின்னதும் எஞ்சின் பக்கத்துல போய் நில்லுங்க. வண்டி நின்னாலும் உள்ள ஹோன்னு ஒரு இரைச்சல் நிக்காது. மேல ஓடற கம்பியிலருந்து 25,000 வோல்ட்டை வாங்கி மாத்தற சாமானுக்கும் மோட்டாருக்கும் காத்து அடிக்கிற ப்ளோயர் அது. பீச்–தாம்பரம் லைன்ல கரண்ட் ரயில் ஓட ஆரம்பிச்சது 1931ல, அப்போ 1500 வோல்ட் டி.சி. அன்னைலருந்து கரண்டோட வாழற ஊர்ங்க நம்ம ஊரு. ரயில்காரங்க எஞ்சினுக்கு அவ்வளவு பெரிய ப்ளோயர் வைக்கிறாங்க. நாம நம்ம கம்ப்யூட்டருக்கு ஒரு சாண் இடம் விடக் கூடாதா?

இப்போ தூசிக்கு வரேன்.

ஜி.எஸ்.டி. ரோடு பக்கத்துல குடியிருக்கீங்களா? வேளச்சேரி–தாம்பரம் ரோட்டு மேலயா? சுத்தி எங்கயாவது ஃபிளாட் கட்டிக்கிட்டே இருப்பாங்களே? அப்போ உங்க வீட்டுத் தூசியைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. காலையில துடைச்ச டேபிள்ல சாயந்திரம் விரலால பேர் எழுதலாம். அந்தத் தூசி அத்தனையும் ஃபேன் வழியா எஸ்.எம்.பி.எஸ். உள்ள போய் சூடு ஆத்தற தகடான ஹீட்சிங்க் மேல கம்பளி மாதிரி படியும். உள்ள சூடு, வெளிய போக வழியில்ல. கடல் பக்கம், மழைக்காலத்துல ஈரக் காத்து வேற. தூசியும் ஈரமும் சேர்ந்தா கரண்ட் கசியும்.

அப்புறம் நம்ம வீட்டு ஜீவராசிங்க. பல்லி, கரப்பான், எறும்பு. கதகதப்பா, இருட்டா, தொந்தரவு இல்லாத இடம்னு எஸ்.எம்.பி.எஸ். உள்ள போகும். 325 வோல்ட் மேல பல்லி கால் வச்சா பல்லியும் போச்சு, எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போச்சு. கேபினட்டுக்குப் பின்னாடி கார்டு சொருகற பட்டை பட்டையான ஓட்டைங்க மூடியில்லாம இருந்தா, அதுக்குன்னு இருக்கிற தகட்டை வாங்கி மூடுங்க. காத்துக்குன்னு இருக்கிற சல்லடையை மட்டும் மூடாதீங்க.

துணி உறை போடற வீடுங்க இன்னும் இருக்கு. நல்ல பழக்கம் தான், பூ எம்ப்ராய்டரி பண்ணி அம்மாங்க தச்சது. ஆஃப் பண்ணப்புறம் போடுங்க. ஓடும்போது முழுசா எடுத்துடுங்க, பாதி மடிச்சு மேல போட்டு வைக்கிறதும் வேண்டாம். லேப்டாப்காரங்களுக்கும் இதே தான். அந்தச் சார்ஜர் அடாப்டரும் ஒரு எஸ்.எம்.பி.எஸ். தான், அதுல ஃபேன் கூடக் கிடையாது, வெறும் பிளாஸ்டிக் வழியா தான் சூடு போகணும். மெத்தை மேல, தலகாணிக்கு அடியில போட்டுச் சார்ஜ் பண்ணாதீங்க. தரையில வைங்க.

சி.பி.யூ.வைத் தரையில வைக்கலாமான்னா, நேரா வைக்கக் கூடாது. முன்னல்லாம் எஸ்.எம்.பி.எஸ். கேபினட்டுக்கு மேல்பக்கம் இருக்கும். இப்ப வர்ற கேபினட்ல பெரும்பாலும் அடியில. ஃபேன் கீழ்நோக்கிப் பார்த்துத் தரையிலருந்து காத்து இழுக்கும். தரையில தான் தூசி, முடி எல்லாம். தினம் வீடு துடைக்கிற ஈர மாப் வேற அங்க தான் வரும். மணைப்பலகை, சின்ன ஸ்டூல், எது கிடைச்சாலும் அது மேல ஏத்துங்க. அடியில தூசி வடிகட்டி இருந்தா மாசத்துக்கு ஒரு தடவை உருவித் தட்டுங்க. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளத்துல இருக்கிறவங்களுக்கு இதை நான் சொல்லணும்னு இல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் அவங்க எதையும் தரையில வைக்கிறதில்ல.

ஃபேன் ஓடுதான்னு எப்படிப் பார்க்கிறது? பெட்டிக்குப் பின்னாடி பவர் கேபிள் பக்கத்துல இருக்கிற சல்லடைகிட்ட கை வைங்க. வெதுவெதுப்பா காத்து வரணும். கையில தெரியலைன்னா ஒரு ஊதுபத்தி கொளுத்திக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, புகை எந்தப் பக்கம் போகுதுன்னு தெளிவாத் தெரியும். புகை வெளிய தள்ளிப் போச்சுன்னா சரி. (விலை கூடின சில மாடல்கள்ல லோடு கம்மியா இருக்கும்போது ஃபேன் வேணும்னே நிக்கும். அது கோளாறு இல்ல, டப்பாவுல எழுதியிருக்கும்.) கரகரன்னு சத்தம் வந்தா ஃபேன் பேரிங் போகப் போகுதுன்னு அர்த்தம். சத்தம் தானா நின்னு போச்சேன்னு சந்தோஷப்படாதீங்க. ஃபேனே நின்னிருக்கலாம்.

சுத்தம் பண்றது பத்தி. ப்ளக்கைப் பிடுங்கிடுங்க. பவர் பட்டனை ஒரு பத்து நொடி அழுத்திப் பிடிங்க. பெட்டியை மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ தூக்கிட்டுப் போங்க, முகத்துக்குத் துணி கட்டிக்குங்க. சின்ன ப்ளோயரால சல்லடை வழியா அடிங்க. அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால பிடிச்சுக்கணும், இல்லைன்னா காத்து வேகத்துல தறிகெட்டுச் சுத்திப் பேரிங் போகும். வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் போகும். பஞ்சர் கடை கம்ப்ரசரும் வேண்டாம், அதுல தண்ணி வரும்.

இதை மட்டும் கெஞ்சிக் கேக்கறேன்: எஸ்.எம்.பி.எஸ். டப்பாவோட நாலு ஸ்க்ரூவை நீங்க கழட்டாதீங்க. ப்ளக்கைப் பிடுங்கினாலும் உள்ள அந்த 325 வோல்ட் கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும். வீடியோ பார்த்துத் தையல் மெஷின் எண்ணெய் விடறேன்னு தொறக்காதீங்க. ஃபேன் மாத்தறது மெக்கானிக் வேலை.

புதுசு வாங்கறதா இருந்தா?

மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டுப் பக்கமே கடைங்க இருக்கு. நிறைய பார்த்து வாங்கணும்னா ரிச்சி ஸ்ட்ரீட். தாம்பரத்துலருந்து மின்சார ரயில்ல கிண்டி, அங்கருந்து மெட்ரோவுல அரசினர் தோட்டம், இறங்கி நடந்துடலாம். எங்க வாங்கினாலும் பெட்டி மேல கொட்டை எழுத்துல இருக்கிற வாட்டை நம்பாதீங்க. பக்கவாட்டு லேபிளைப் படிங்க. 12 வோல்ட் வரிசையில எத்தனை ஆம்பியர்னு பாருங்க, அதை 12ஆல பெருக்குங்க. பெட்டி மேல 450 வாட்னு போட்டு, லேபிள்ல 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர்னு இருந்தா, உண்மையில உருப்படியா கிடைக்கிறது 192 வாட். இப்ப இருக்கிற கம்ப்யூட்டருங்க பெரும்பாலும் அந்த 12 வோல்ட்லருந்து தான் சாப்பிடுது.

அப்புறம் 80 பிளஸ் முத்திரை. 2004ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச சான்று. குறைஞ்சது 100க்கு 80 திறன் இருந்தா தான் குடுப்பாங்க. வெண்கலம், வெள்ளி, தங்கம்னு படி ஏற ஏறச் சூடு குறையும். ஆபீஸ் வேலை, படிப்பு, பிளான் போடறது இதுக்கெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டு இல்லைன்னா 400, 450 வாட் வெண்கலம் தாராளம். கேம்ஸ், வீடியோ எடிட்டிங்னு பெரிய கார்டு போடறவங்க அந்தக் கார்டு கம்பெனி சொல்ற வாட்டைப் பார்த்து வாங்குங்க.

எத்தனை டிகிரியில முழு வாட் தரும்னும் பாருங்க. 25 டிகிரியில சோதிச்சதா, 40லயா, 50லயா? 25 டிகிரி நமக்கு மார்கழி விடியக்காலையில தான். கத்திரி வெயில்ல வேலை செய்யணும்னா 40, 50னு போட்டிருக்கிறதை எடுங்க.

மூணு பின் ப்ளக்கை மூணு பின் சாக்கெட்ல, எர்த் இருக்கிற சாக்கெட்ல போடுங்க. கேபினட்டைத் தொட்டா சுர்ருன்னு இழுக்குதுன்னா எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்க. எர்த் இல்லைன்னா எஸ்.எம்.பி.எஸ். உள்ள இருக்கிற வடிகட்டிலருந்து கசியற கரண்ட் பெட்டி மேல வந்து நிக்கும். சும்மா தானேன்னு விடற விஷயம் இல்ல.

இதுக்கப்புறமும் மத்தியானத்துல ஆஃப் ஆச்சுன்னா? ஒரு நாள் பெட்டியோட பக்கத் தகட்டைக் கழட்டி, டேபிள் ஃபேனை அது பக்கம் திருப்பி வச்சு ஓட்டுங்க. ஆஃப் ஆகலைன்னா பிரச்னை சூடு தான். அப்பவும் ஆச்சுன்னா வேற கோளாறு, அப்போ மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. அவர் வந்து எதையாவது கழட்டறதுக்கு முன்னாடி, இந்தச் சோதனை பண்ணேன், இப்படி ஆச்சுன்னு சொல்லுங்க. நல்ல மெக்கானிக்கா இருந்தா சந்தோஷப்படுவாரு, அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஃபிளாட்டுக்கு இண்டீரியர் பேசிட்டிருக்கிறவங்க டிராயிங்லயே சொல்லிடுங்க: சி.பி.யூ. வைக்கிற இடத்துக்குக் கதவும் வேண்டாம், பின்பலகையும் வேண்டாம். ஏற்கெனவே செஞ்சிட்டவங்க ஒரு கார்ப்பென்டரைக் கூப்பிட்டுப் பின்பலகையை வெட்டி எடுங்க, அரை நாள் வேலை கூட இல்ல. கத்திரி ஆரம்பிக்கிறதுக்குள்ள பண்ணிடுங்க.